ரத்ததான முகாம் நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

இப்போது முகாம் நடத்தும் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஷாமியானா, மைக் செட், பழரசம், சான்றிதழ் எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும். ஆனால் கேள்விப் படிவம் வைத்திருக்கும் மேசைப் பக்கம் போனால் சந்தைக்கடைதான். நாங்கள் முகாம் நடத்தத் தொடங்கிய காலத்தில் செய்த தவறுகளை அவர்களும் அப்படியே செய்துகொண்டிருக்கிறார்கள்.

வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5, ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி, பெண்களுக்கு 120 நாள். இதெல்லாம் எந்தச் சுவரொட்டியிலும் இருக்கும். எடையையும் ஹீமோகுளோபினையும் மெஷினும் விரல்நுனி ஊசியும் பார்த்துக்கொள்ளும், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். எந்தக் கருவியும் கண்டுபிடிக்காத விஷயங்களில்தான் நாம் சொதப்புகிறோம்.

படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

வரிசை நீண்டுவிடும். வேனில் வந்த டாக்டர் மணி பார்ப்பார். உடனே சுறுசுறுப்பான தன்னார்வலர் ஒருவர் பேனாவை எடுத்து, மேலிருந்து கீழே எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு, “இங்க ஒரு சைன் போடுங்க ப்ரோ” என்று தாளை நீட்டுவார். காமாலை வந்ததா, இல்லை. ஒரு வருடத்துக்குள் பச்சை குத்தினீர்களா, இல்லை. ஆறு மாதத்துக்குள் டெங்கு வந்ததா, இல்லை. ஒன்றுக்கு மேற்பட்டவர்களுடன் உடலுறவு, இல்லை. போதை ஊசி, இல்லை. கொடுப்பவர் ஒரு கேள்வியைக்கூடப் படித்திருக்க மாட்டார். தொடர்பு எண் தெரியவில்லை என்றால் தன் சொந்த எண்ணையே எழுதிவிடும் தன்னார்வலர்களும் உண்டு. முகவரிக் கட்டத்தில் எல்லாருக்கும் கல்லூரியின் பெயர்தான்.

“எப்படியும் லேப்ல டெஸ்ட் பண்ணிடுவாங்கல்ல?” என்று கேட்பார்கள். பண்ணுவார்கள். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்துக்கும் கட்டாயப் பரிசோதனை உண்டு. ஆனால் கிருமி உடலுக்குள் போன அன்றே அது பரிசோதனையில் தெரியாது. எச்.ஐ.வி. என்றால் எலைசா என்கிற வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நாட் என்கிற மரபணுப் பரிசோதனையில் அந்த இடைவெளி பத்து நாள் அளவுக்குக் குறையும், ஆனால் அது நம் நாட்டின் எல்லா ரத்த வங்கிகளிலும் கட்டாயம் இல்லை. ஹெபடைட்டிஸ் பி தெரிய இன்னும் கூடுதல் காலம் ஆகும். அந்த நாட்களில் ஒருவர் ரத்தம் கொடுத்தால் பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ என்றே வரும். பை ஃபிரிட்ஜுக்குப் போகும். அந்த ஒரு பையைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று மூன்றாகப் பிரித்து மூன்று பேருக்கு ஏற்றலாம். இந்த இடைவெளியில் நோயாளிக்கு இருக்கும் ஒரே காவல், கொடுப்பவர் அந்தத் தாளில் உண்மையை எழுதுவதுதான். அந்த வாய்ப்பைத்தான் வரிசை வேகமாக நகர வேண்டும் என்பதற்காக நாம் பறித்துவிடுகிறோம்.

ஒரு பொறியியல் கல்லூரி முகாமில் நடந்தது இது. கொடுத்து முடித்துவிட்டு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த ஒரு பையன், நண்பர்கள் செல்ஃபி எடுக்கப் போன நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து நின்றான். டம்ளரில் பாதி அப்படியே இருந்தது. “அண்ணா, நான் குடுத்த ரத்தத்தை மட்டும் யூஸ் பண்ண வேணாம்னு சொல்ல முடியுமா?” என்றான். நான் காரணம் கேட்கவில்லை. மருத்துவ அதிகாரியிடம் அழைத்துப் போனேன், அவரும் கேட்கவில்லை. பை எண்ணைப் பார்த்துப் பையைத் தனியாக எடுத்து வைத்தார். நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியமாகவே வைத்திருப்பார்கள், எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும் வழி சொல்வார்கள் என்று அவனிடம் மெதுவாகச் சொன்னார்.

அவனுடைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ‘இல்லை’. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, அதற்கு முன்னும் பின்னும் இருந்த படிவங்களிலும் அதே டிக். நிரப்பிக் கொடுத்த தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தை விளக்கினால், அவருக்கு இருந்த வருத்தம் எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிட்டதே என்பதுதான். இருநூறு யூனிட் என்று ஃபிளக்ஸ் அடித்தாகிவிட்டதாம்.

அந்தப் பையன் நல்லவன். நாலு பேர் தோளில் கைபோட்டு நிற்கும்போது எழுத முடியாததை, தனியாக இருந்த அரை நிமிடத்தில் சொல்லிவிட்டான். எல்லாருக்கும் அந்தத் துணிச்சல் வராது. அந்த அரை நிமிடத்தை ஊசி போடுவதற்கு முன்பே நாம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. தமிழில் அச்சடித்த படிவம், ஆளுக்கொரு பேனா, ஒருவருக்கொருவர் நாலடி தள்ளி நாற்காலி. மருத்துவ அதிகாரியோ ஆலோசகரோ பேசுவதற்குக் கதவு உள்ள ஒரு அறை. அறை கிடைக்காவிட்டால் இரண்டு திரைச்சீலையாவது கட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு அந்த அறையில்தான் வாசித்துக் காட்ட வேண்டும், மேசையில் வைத்து இல்லை. வெளியே வருபவரிடம் “ஏன் குடுக்கல?” என்று யாரும் கேட்கக் கூடாது என்று தன்னார்வலர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். ஹீமோகுளோபின் குறைந்தவரும் அதே கதவு வழியாகத்தான் வருவார், காய்ச்சல் மாத்திரை சாப்பிட்டவரும் அதே வழியாகத்தான் வருவார் என்றால் யாரைப் பற்றியும் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

அப்புறம், அந்தத் தொலைபேசி எண். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது நினைவிருக்கும். ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்ததும் அவரே போய் ரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் ரத்தத்தை ஏற்றியாகிவிட்டது. 2016-லேயே அவர் ஒரு முகாமில் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தும் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று பிறகு தெரியவந்தது. குற்ற உணர்ச்சியில் விஷம் குடித்து அவர் இறந்துபோனார். உண்மையைச் சொல்ல ஓடி வந்த ஒரு மனிதரை இழந்தோம், ஒரு தாய்க்கு ஆயுள் முழுக்க மருந்து. அங்கே தகவல் எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்பது வேறு விசாரணை. நம் முகாமில் அது போன் நம்பர் கட்டத்தில் நிற்கக் கூடாது.

உறவினர்களை வரிசையில் நிறுத்துவது

“அத்தைக்கு ஆபரேஷன், வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் வாங்க” என்று வேன் வைத்துக் கூட்டி வருவார்கள். அந்த வரிசையில் நிற்கும் மாப்பிள்ளை, மாமனார் முன்னால் “என்னால் முடியாது” என்று எப்படிச் சொல்வார்? காசுக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் தடுக்கச் சொல்லி, 1998 ஜனவரி முதல் அதற்குத் தடை வந்தது. காசின் நெருக்கடி போன இடத்தில் இப்போது சொந்தத்தின் நெருக்கடி உட்கார்ந்திருக்கிறது. உறவினர் வந்தால் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுங்கள். “உங்களுக்கு விருப்பமில்லை என்றால் ஹீமோகுளோபின் குறைவு என்று நாங்களே வெளியே சொல்லிக்கொள்கிறோம்” என்று சொல்லும் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பொய்தான். நோயாளியையும் கொடுப்பவரையும் ஒருசேரக் காப்பாற்றும் பொய் என்பதால் எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

பரிசு

குக்கரும் ஹெல்மெட்டும் தரும் முகாமில் யாரும் உண்மை எழுத மாட்டார்கள், தராதீர்கள்.

மாதவிடாய்க் கேள்வியை வரிசையில் கேட்பது

மாதவிடாய் நாட்களில் கொடுக்க வேண்டாம் என்று விதி இருக்கிறது. அதைப் பெண் ஆலோசகர் உள்ளே கேட்கட்டும்.

ஆளைப் பார்த்து முடிவு செய்வது

2017-இல் தேசியக் குருதி பரிமாற்றுக் குழுமம் வெளியிட்ட விதிகளின்படி திருநங்கையரும், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும், பாலியல் தொழில் செய்யும் பெண்களும் நிரந்தரமாக ரத்தம் கொடுக்க முடியாது. மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கைச் செயல்பாட்டாளர் ஒருவர் 2021-இல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். இந்தப் பிரிவினரிடையே தொற்று அதிகம், விதி அறிவியல் அடிப்படையிலானது என்று 2023-இல் மத்திய அரசு பதில் மனு போட்டது.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். இந்த விதி மாற வேண்டும். அதே விதியில், அதே வரிசையில், ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு உறவு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இஸ்திரி போட்ட சட்டையோடு வரும் கல்யாணமான ஆணிடம் அந்தக் கேள்வியை யாரும் நிமிர்ந்து பார்த்துக் கேட்பதில்லை. பல வருடமாக ஒரே துணையோடு வாழும் திருநங்கையை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம். இதில் நோயாளிக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது? பிரிட்டன் 2021 ஜூனிலும், கனடா 2022-லும், அமெரிக்கா 2023-லும் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களை மொத்தமாக ஒதுக்கிவைக்கும் முறையைக் கைவிட்டுவிட்டன. அங்கே இப்போது ஆண், பெண் என்று பாராமல் எல்லாரிடமும் கடந்த மூன்று மாதத்தில் புதிய துணை உண்டா, ஒன்றுக்கு மேற்பட்ட துணை உண்டா, எந்த வகையான உறவு என்று கேட்கிறார்கள். அந்த நாடுகளில் நாட் பரிசோதனை வழக்கத்தில் இருப்பதும் இதற்குத் துணை நிற்கிறது. நம் நாட்டிலும் அதை எல்லா ரத்த வங்கிக்கும் கொண்டுவந்தால், விதியைத் தளர்த்தினால் ஆபத்து என்கிற வாதத்துக்குப் பாதி வலு போய்விடும். விதி மாறினாலும் மாறாவிட்டாலும் அந்தப் பரிசோதனை நோயாளிகளுக்குத் தேவை.

சரி, விதி மாறும்வரை முகாமில் என்ன செய்வது? விதியை மீற உங்களுக்கு அதிகாரம் இல்லை. அதைப் போலவே, வாசலில் நின்று முடிவு சொல்லவும் உங்களுக்கு அதிகாரம் இல்லை. தகுதியைத் தீர்மானிப்பவர் மருத்துவ அதிகாரி. 2008-லேயே திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. தன் தோழியின் பிரசவத்துக்காக ரத்தம் கொடுக்க வந்த ஒரு திருநங்கையிடம், மைக் பிடித்திருந்த மாணவர் “நீங்கல்லாம் குடுக்கக் கூடாதுக்கா” என்று கூட்டத்தின் முன் சொன்னதைக் கேட்டேன். அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் ரோட்டுக்குப் போய் ஆட்டோ பிடித்தார். எல்லாரையும் போல அவரையும் உட்கார வைத்து, உள்ளே அழைத்து, இன்றைய விதி இது, வழக்கு நடக்கிறது என்று மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். அந்தத் தோழிக்கு வேறு கொடையாளர் தேடித் தரும் பொறுப்பையும் நாம் ஏற்றிருக்கலாம்.

மஜ்ஜைப் பதிவை “சும்மா ஒரு டெஸ்ட்” என்று சேர்ப்பது

ரத்ததான முகாமிலேயே ஓரமாக ஒரு மேசை போட்டு, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து ஸ்டெம் செல் (மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணு) பதிவேட்டில் சேர்க்கிறார்கள். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகள் செய்வது மிகத் தேவையான வேலை. நம் மக்களுக்குப் பொருத்தம் பெரும்பாலும் நம் மக்களிடையேதான் கிடைக்கும், பதிந்திருப்பவர்களோ சில லட்சம் பேர்தான். கோளாறு, பெயர் சேர்க்கும் விதத்தில் இருக்கிறது.

ரத்தப்பை ஒன்று தள்ளுபடியானால் இன்னொரு பை எடுக்கலாம். மஜ்ஜையில் அப்படி முடியாது. இங்கே ரத்த வகையைவிட எச்.எல்.ஏ. (உடலணுக்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள்) பொருத்தம்தான் முக்கியம், கூடப்பிறந்தவரோடு முழுதாகப் பொருந்தவே நாலில் ஒரு வாய்ப்பு. வெளியாளாக ஒரே ஒருவர் பொருந்தியிருப்பார். அவர் சம்மதித்ததும் நோயாளிக்குக் கடுமையான மருந்து கொடுத்து அவருடைய சொந்த மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கொடையாளர் “வீட்ல வேணாங்கறாங்க” என்று சொன்னால் நோயாளி பிழைப்பது கடினம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை கடைசிவரை கொடையாளருக்கு உண்டு. அதனால்தான் அதைச் சொல்ல வேண்டிய நேரம் முதல் நாளே என்று பஞ்சுக்குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டும்.

எப்படி எடுப்பார்கள் என்பதையும் விளக்குங்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி எதுவும் இல்லை. ஐந்து நாள் தோலுக்கடியில் ஊசி, உடல்வலி, தலைவலி இருக்கும். பிறகு நாலைந்து மணி நேரம் மெஷினில் படுத்திருந்து கையிலிருந்து ரத்தம் எடுத்துப் பிரிப்பார்கள். சிலருக்கு மட்டும் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள், தண்டுவடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை அம்மா அப்பாவிடமும் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும்போது அழைப்பு வரலாம் என்பதையும் சொல்லுங்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு பாதிப் பேர் எழுந்து போனால் போகட்டும்.

குடும்பத்துக்குள் பொருத்தம் பார்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அண்ணனுக்குத் தங்கை பொருந்துகிறாள் என்ற முடிவைக் குடும்பமே கூடியிருக்கும் அறையில் அறிவித்துவிட்டால் அவள் வேறு என்ன சொல்ல முடியும்? முடிவை முதலில் அவளிடம் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். அவளைப் பரிசோதிப்பவர் அண்ணனுக்குச் சிகிச்சை தரும் மருத்துவராக இல்லாமல் வேறொருவராக இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

தள்ளிவைத்தவரை வெறுமனே அனுப்புவது

“ரத்தம் கம்மி” என்ற இரண்டு வார்த்தையோடு அனுப்பப்படும் பெண்கள் திரும்ப வருவதே இல்லை. ஹீமோகுளோபின் எவ்வளவு, எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும், மறுபடி எந்தத் தேதிக்குப் பிறகு வரலாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். பச்சை குத்தியவருக்கும் டெங்கு வந்தவருக்கும் அதே போலத் தேதி போட்ட சீட்டு. ஜூஸும் சான்றிதழும் அவர்களுக்கும் உண்டு.