பொம்மை செய்யும் வில்லன்: காமிக்ஸ் வரைபவர்கள் சறுக்கும் இடங்கள்

பொம்மை செய்யும் வில்லனை வரைய உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது விரிசல் விட்ட பீங்கான் முகம், பிடுங்கப்பட்ட ஒரு கண், மேலிருந்து தொங்கும் நூல்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பீங்கான் தலைப் பொம்மை அலமாரியில் உட்காருவது. நூலில் ஆடும் பாவை பெரும்பாலும் மரத்தில் செதுக்கியது. இரண்டும் இரு வேறு தொழில்கள். உங்கள் வில்லனுக்கு எது தெரியும் என்று நீங்களே முடிவு செய்யவில்லை என்பதை அந்த ஒரு படம் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வகை வில்லன்களில் பலர் இங்கேதான் விழுகிறார்கள். முகமூடி இருக்கிறது, பட்டறை இல்லை.

எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவது

அமெரிக்க காமிக்ஸில் பொம்மை வில்லன்கள் ஒரே இனம் அல்ல. 1943-இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் 64ஆம் இதழில் சூப்பர்மேனுக்கு எதிராக வந்த டாய்மேன் (வின்ஸ்லோ ஷாட்) விளையாட்டுச் சாமான் செய்பவன். அவனிடம் இருப்பது இயந்திரம் கட்டும் மூளை. 1962-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 8ஆம் இதழில் வந்த பப்பெட் மாஸ்டர் களிமண்காரன்: யாருடைய உருவத்தைப் பிடிக்கிறானோ அவரை ஆட்டிவைப்பான். 1988-இல் டிடெக்டிவ் காமிக்ஸ் 583இல் வந்த வென்ட்ரிலோக்விஸ்ட் (ஆர்னால்ட் வெஸ்கர்) உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைக்கும் குரல்மாற்றுக் கலைஞன், ஆனால் அந்தப் பொம்மையின் சொல் கேட்டு நடப்பவன். அங்கே முதலாளி, மடியில் உட்கார்ந்திருக்கும் ஸ்கார்ஃபேஸ் என்ற பொம்மைதான். 2011-இல் வந்த டால்மேக்கர் (பார்டன் மேதிஸ்) மனிதத் தோலையும் சதையையும் கச்சாப் பொருளாக்குகிறவன்.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறவும் வாய்ப்புண்டு. 1939-இல் வந்த டால் மேன் வில்லனே அல்ல, ஆறு அங்குல உயரத்துக்குச் சுருங்கும் நாயகன். ராக் டால் உடலை வளைத்து ஒடுங்குபவன், எதையும் செய்து விற்பவன் அல்ல. பேட்மேன் கார்ட்டூன் தொடரின் பேபி டால் ஒரு நடிகை. டால்மேக்கர் என்ற பெயரே மேதிஸுக்கு மட்டும் உரியதல்ல; அதற்கு முன்பே டாய்மேனின் மகன் ஆன்டன் ஷாட் சூப்பர்கேர்ள் கதையில் அதே பெயரில் வந்துபோனான்.

ஆகவே வரையத் தொடங்குமுன் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: இவன் செய்கிறானா, ஆட்டுகிறானா, ஆட்டப்படுகிறானா, மனிதரைப் பொம்மையாக்குகிறானா? இரண்டைச் சேர்த்தால் தாங்கும். நாலையும் சேர்த்தால் எதுவும் நிற்காது.

கணக்கில்லாத சக்தி

பப்பெட் மாஸ்டரின் பலம் அவனுடைய களிமண்ணில் இருக்கிறது. கதிரியக்கம் உள்ள அந்த மண், மார்வெல் கதைகளின் கற்பனை மலையான வுண்டகோர் பக்கத்தில் கிடைப்பது. மண் கையிருப்பு தீரும். உருவம் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போக வேண்டுமானால் முகத்தைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகள் இருப்பதால்தான் அவன் மேசை முன் குனிந்திருக்கும் படக்கட்டத்தைப் பார்த்ததுமே வாசகனுக்கு மணி ஓடத் தொடங்குகிறது.

புதிதாக எழுதுபவர்கள் செய்வது: வில்லன் கையசைத்தால் நகரத்து பொம்மைகள் எல்லாம் எழுந்து நடக்கும். அடுத்த பக்கத்தில் நாயகன் ஏன் தோற்கவில்லை என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டிவரும். ஒரு பொம்மை செய்ய எத்தனை மணி நேரம், எது இல்லாவிட்டால் வேலை நிற்கும், செய்தது எப்போது கெடும் என்ற மூன்றுக்கும் விடையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். 22 பக்க இதழானால் அந்த விடைகளை 6ஆம் பக்கத்துக்குள் படத்திலேயே காட்டிவிட வேண்டும். 18ஆம் பக்கத்தில் முதன்முறையாகச் சொன்னால் அது சமாளிப்பு.

முடிவும் இதே கணக்கிலிருந்துதான் வர வேண்டும். டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ் பத்திரிகையின் 1963 டிசம்பர் இதழில் அயர்ன் மேனை எதிர்த்த மிஸ்டர் டால், கையிலிருக்கும் உருவத்தை எதிராளியின் முகச்சாயலுக்கு மாற்றி அதை வதைப்பவன். அயர்ன் மேன் அந்த உருவத்தின் முகத்தை மிஸ்டர் டாலின் முகமாகவே மாற்றிவிடுகிறார். அந்த இதழை இன்று பலரும் அயர்ன் மேனின் சிவப்பு, தங்க நிறக் கவசம் முதலில் வந்த இதழாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் முடிவைக் கட்டுவதில் அந்தச் சிறு கதையிடம் கற்க நிறைய இருக்கிறது. குத்துவிட்டு பொம்மையை உடைப்பது முடிவல்ல.

பட்டறை தெரியாமல் வரைவது

கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இது. பொம்மை எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் பயமுறுத்தும் காட்சிகள் தாமாக வரும். கற்பனையைக் கசக்க வேண்டியதில்லை.

பழைய ஜெர்மானிய, பிரெஞ்சு வகைப் பீங்கான் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். கூழாகக் கரைத்த பீங்கான் மண்ணை இரண்டு பாகமுள்ள பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, சுவரை ஒட்டி ஒரு படலம் கெட்டியாகும். சில நிமிடங்களில் மீதிக் கூழை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். ஆக, தலை உள்ளே வெற்றிடம். சூளையில் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும்போது அது அச்சின் அளவைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு சுருங்கும். கன்னச் சிவப்பும் இமைமயிரும் அதற்குப் பிறகு தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவது. வில்லன் ஒரே ராத்திரியில் மண் பிசைந்து, சுட்டு, வண்ணம் பூசி முடிப்பதாக எழுதினால் தொழில் தெரிந்தவர் சிரிப்பார். சூளை ஆறவே பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுத் திறந்தால் தலை விரிசல் விடும். கதைக்கு இது தடையல்ல. வில்லனைப் பிடிக்க நாயகனுக்குக் கிடைக்கும் அவகாசமே அந்த ஆறும் நேரம்தான்.

கண்ணைப் பொருத்தும் விதமும் பலருக்குத் தெரியாது. வெளியிலிருந்து குழியில் அழுத்துவதாக வரைகிறார்கள். அந்த வகைத் தலைகளில் உச்சி திறந்திருக்கும். அதன் வழியாக விரலை விட்டு, கண்ணாடிக் கண்களை உள்ளிருந்து வைத்து பிளாஸ்டரால் பிடிக்கவைப்பார்கள். பிறகு தக்கை அல்லது அட்டை மூடி, அதன்மேல் பொய்முடி. மண்டையோட்டைத் திறந்து உள்ளேயிருந்து பார்வை வைக்கும் கைகள்! இதைவிடத் திகிலான கட்டத்தை யாராலும் இட்டுக்கட்ட முடியாது, ஒரு சொட்டு ரத்தமும் வேண்டாம்.

தூங்கும் கண் பொம்மைக்கு இரு கண்களையும் ஒரு கம்பி இணைக்கும், அதன் கீழே ஈயக் குண்டு தொங்கும். படுக்கவைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். அதனால் மல்லாந்து கிடக்கும் பொம்மையின் கண் திறந்திருப்பதாக வரைந்தால் ஒன்று தவறு, இல்லையென்றால் தடயம். எது என்று வரைபவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மூட்டுள்ள பொம்மையின் கைகால்களை உடம்புக்குள் ஓடும் எலாஸ்டிக் நாடா பிடித்திருக்கிறது. நாடா அறுந்தால் பொம்மை ஒரு கையை மட்டும் இழக்காது, மொத்தமாகக் கலகலத்துப்போகும். நூல்பாவைக்குச் சாதாரணமாக ஒன்பது நூல்: தலைக்கு 2, தோளுக்கு 2, முதுகுக்கு 1, கைகளுக்கு 2, முழங்கால்களுக்கு 2. தோள் நூல்தான் எடையைத் தாங்குகிறது. படத்தில் நாலைந்து நூல் மட்டும் எங்கோ போய் முடிந்தால் அது பாவையல்ல, சிலந்திவலை.

உடைவதும் பொருளுக்குத் தக்கபடிதான். பீங்கான் கூர்மையான சில்லாகத் தெறிக்கும். மரம் வரி ஓடும் திசையில் பிளக்கும். மரத்தூளும் பசையும் கலந்து செய்த பொம்மையின் மேல்பூச்சு வலைபோலப் பொரிந்து உரியும். மெழுகு மங்கி, வெயிலில் சாயும். செல்லுலாய்ட் சட்டென்று தீப்பற்றும். எல்லாவற்றுக்கும் ஒரே மின்னல் கீற்று விரிசலைப் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

ரத்தத்தை அச்சம் என்று எண்ணுவது

மேதிஸ் வந்த முதல் இதழின் கடைசிப் பக்கத்தில் ஜோக்கரின் முகத்தோல் உரிக்கப்பட்டுச் சுவரில் தொங்கியது. எல்லோரும் பேசினார்கள், ஜோக்கரைப் பற்றி. டால்மேக்கர் பெயர் கேட்டால் இன்றும் பலர் சொல்வது அந்த முகத்தைத்தான். அவன் செய்த பொம்மைகள் நினைவுக்கு வருவதில்லை. கோரம் பெரிதாக இருந்தால் அது செய்தவனையே மறைத்துவிடும்.

பேட்மேன் கதைகளின் இன்னொரு வில்லன் புரொபசர் பிக் இதைவிட நன்றாக நிற்பதற்குக் காரணம் உண்டு. பிடித்தவர்களின் முகத்தில் பொம்மை முகத்தை ஒட்டவைத்து, ‘டாலோட்ரான்’ என்று அவன் அழைக்கும் பொம்மை மனிதராக ஆக்குகிறான். 2009-இல் ஃப்ராங்க் குவைட்லி வரைந்த அந்தப் பக்கங்களில் உறுத்துவது காயம் அல்ல. எல்லோருக்கும் ஒரே முகம் இருப்பது. தான் செய்த சிலைமேல் காதல்கொண்ட பிக்மேலியனை நினைவூட்டும் பெயரும் அவனுடைய நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது: இவன் அழிக்கிறவன் அல்ல, திருத்துகிறவன் என்று தன்னை நம்புபவன்.

டாய்மேனுக்கு நடந்ததும் எச்சரிக்கைதான். 1993-இல் அவனைப் பயங்கரமானவனாக்க, பத்திரிகையாளர் கேட் கிராண்ட்டின் சிறு மகன் ஆடமைக் கொல்லவைத்தார்கள். பிறகு அந்தப் பாத்திரத்தைக் கையாள வழியே இல்லாமல்போனது. 2008-இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் 865இல், கொன்றது ஷாட் அல்ல, அவன் செய்த இயந்திர உருவம் என்று மாற்றிச் சொல்ல வேண்டிவந்தது. குழந்தைகள் கைவிடாத பொருளை வைத்து மிரட்டுவதே இந்த வில்லனின் பலம். குழந்தையையே பலிகொடுத்தால் அந்த பலம் ஒரே இதழில் செலவாகிவிடும்.

பொம்மை பேசும்போது

வெஸ்கரால் ஆங்கில ‘பி’ ஒலியை உதடு அசையாமல் சொல்ல முடியாது. அதனால் ஸ்கார்ஃபேஸ் வாயில் பேட்மேன் ‘கேட்மேன்’ (Gatman) ஆகிறான். இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் ப-வை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடுகிறார்கள். தமிழில் உதடு ஒட்டாமல் ப, ம இரண்டும் பிறக்காது. வ-வுக்குக் கீழுதடு பல்லைத் தொட வேண்டும். உண்மையான குரல்மாற்றுக் கலைஞர்கள் ப-வுக்கு த-வை ஒத்த ஒலியையும், ம-வுக்கு ந-வை ஒத்த ஒலியையும் வைத்து ஒப்பேற்றுவார்கள். அப்படியானால் இந்த பொம்மையால் சரியாகச் சொல்ல முடியாத முதல் இரண்டு சொற்கள் அம்மாவும் அப்பாவும். தமிழில் எழுதுபவருக்குக் கிடைத்த வரம் இது. ஆனால் ஒரு விதியை வைத்தால் கடைசிவரை காக்க வேண்டும். ஒரு பேச்சு பலூனில் ‘அந்நா’, அடுத்ததில் ‘அம்மா’ என்று போனால் வாசகன் அதை அச்சுப்பிழை என்றே எடுத்துக்கொள்வான்.

பலூனின் வால் எப்போதும் பொம்மையின் வாயைத்தான் காட்ட வேண்டும், ஆட்டுபவனை அல்ல. கதை முழுக்க ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் அதை மாற்றலாம், அதுதான் உச்சக்கட்டம். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் சுழியும் காலும் நீள்வதால் வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும். ஒரு பலூனுக்கு 15 சொல் தாண்டாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று: மடியில் உட்காரும் பொம்மையின் முதுகில் திறப்பு இருக்கும், ஆட்டுபவனின் ஒரு கை அதற்குள் தலைக்கோலைப் பிடித்திருக்கும். அந்தக் கையிலேயே துப்பாக்கியையும் கொடுத்துவிடாதீர்கள்.

அசையாததை அசைத்துவிடுவது

ஒவ்வொரு கட்டத்திலும் பொம்மையைப் புதிதாக வரைந்தால் முகம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். பிறகு நீங்கள் வேண்டுமென்றே தலையைத் திருப்பினாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒரு முறை சுத்தமாக வரைந்து, அதே படத்தை நகலெடுத்து மூன்று கட்டங்களில் அப்படியே ஒட்டுங்கள். பின்னணி மட்டும் மாறட்டும். நாலாவது கட்டத்தில் தலையை ஒரு நூல் அளவு திருப்புங்கள். முதல் வாசிப்பில் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, திரும்பிப் பார்க்கும்போது பிடிபடும்.

பொம்மையின் பார்வை எந்தப் பொருளிலும் குவிவதில்லை. இரு கருமணிகளும் இணையாக நேரே பார்க்கும். மனிதருக்கு வரைவதுபோல் அருகிலிருக்கும் பொருளை நோக்கி உள்ளே திருப்பினால் உடனே உயிர் வந்துவிடும். அதை எப்போது செய்வது என்பது உங்கள் கையில். உடலளவும் அப்படியே: வளர்ந்த மனிதர் ஏழரைத் தலை உயரம் என்றால் குழந்தைப் பொம்மையை நாலு அல்லது ஐந்து தலைக்குள் அடக்குங்கள். வாய் கண்ணின் அகலத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும். எட்டுப் பக்கச் சிறுகதையில் சுமார் 40 கட்டம் வரும். பொம்மையின் முகம் முழுக் கட்டத்தை நிரப்புவது இரண்டில் போதும்.

அடிமையாக ஒரு பெண்ணை வைப்பது

பப்பெட் மாஸ்டருடன் அதே 8ஆம் இதழில் வந்தவர் அவனுடைய வளர்ப்பு மகள் அலிசியா. பார்வையில்லாதவர், சிற்பி. அப்பனைப்போல் அவரும் மண் பிசைபவர், ஆனால் வேறு நோக்கத்துக்காக. முகத்தைத் தடவி ஆளை அறிபவர். வில்லன் மறைந்த காலங்களிலும் அவர் கதைகளில் நீடித்தார். உங்கள் வில்லனின் பட்டறையில் உதவிக்கு ஒருவர் இருந்தால், அழகுக்காகவும் கடத்தப்படவும் மட்டும் வைக்காமல் அதே தொழில் தெரிந்தவராக வையுங்கள். எந்தத் தலை சரியாக ஆறவில்லை, எந்த நாடா தளர்ந்திருக்கிறது, உச்சி மூடி எந்தப் பொம்மையில் ஒட்டப்படவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.