டிவி ரிப்பன் கேபிள் பழுது: எதை வீட்டில் சரிசெய்யலாம், எதைத் தொடக் கூடாது

சத்தம் வருகிறது, திரையில் வெளிச்சமும் இருக்கிறது, படம் மட்டும் பாதித் திரையோடு நின்றுவிட்டது. அல்லது முகங்களெல்லாம் பழைய ஃபிலிம் நெகட்டிவ் போலத் தெரிகின்றன. எல்இடி டிவியில் இப்படி வந்ததும் "பேனல் போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் உள்ளே போர்டுகளை இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளைப் பாருங்கள்.

பின்மூடியைத் திறந்தால் மூன்று விதமான ரிப்பன்கள் தெரியும். மெயின் போர்டிலிருந்து டி-கான் போர்டுக்கு (படத்தைப் பேனலுக்குப் பிரித்து அனுப்பும் போர்டு) படச் சிக்னலைக் கொண்டுபோவது எல்விடிஎஸ் கேபிள். பெரும்பாலும் 30 அல்லது 51 பின் (கம்பி முனை). டி-கானிலிருந்து பேனல் விளிம்பில் உள்ள நீளமான பட்டை போர்டுகளுக்கு இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டு போகும். அந்தப் பட்டை போர்டிலிருந்து கண்ணாடிக்குப் போகும், நடுவில் குட்டி ஐசி உள்ள பழுப்புத் துண்டுகள்தான் சிஓஎஃப். முதல் இரண்டையும் கழற்றலாம், மாற்றலாம். சிஓஎஃப் வேண்டாம். அது சால்டர் வைத்துப் பிடித்ததல்ல. கடத்தும் துகள் கலந்த பசைப்படலத்தில் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டியது. பாண்டிங் மெஷின் இல்லாமல் அது திரும்ப ஒட்டாது. ஒரே அகலத்தில் செங்குத்தான பட்டை விழுந்து, விளிம்பை லேசாக அழுத்தினால் அது மாறுகிறது என்றால் பழுது பெரும்பாலும் அங்கேதான்.

கழற்றுவதற்கு முன்

பிளக்கை உருவிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். பவர் போர்டின் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்திருக்கும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, அந்த வோல்ட் இறங்கிவிட்டதை உறுதிசெய்த பிறகே கையை வையுங்கள். டிவி ஓடும்போது எந்த ரிப்பனையும் பிடுங்கவோ செருகவோ கூடாது. பேனல் கேபிளில் 25 வோல்ட்டுக்கு மேல் ஓடும் கம்பியும் நுண்ணிய சிக்னல் கம்பியும் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஒரு தொடுதல் போதும், டி-கான் போய்விடும்.

லாக்கைத் திறப்பது

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் உடைப்பது கேபிளை அல்ல, அதைக் கனெக்டரில் பிடித்துவைக்கும் லாக்கை. எல்விடிஎஸ் முனையில் இரு ஓரமும் சின்ன உலோகக் கொக்கி இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு நேராக இழுங்கள். டி-கான் பக்கம் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் மூடி. அது கழன்று வராது, 90 டிகிரி எழுந்து நிற்கும், அவ்வளவுதான். சில கனெக்டரில் மூடி கேபிள் நுழையும் பக்கம் எழும், சிலவற்றில் எதிர்ப்பக்கம் எழும். லென்ஸ் வைத்து எந்த ஓரத்தில் இடுக்கு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த ஓரத்தை நகத்தால் தூக்குங்கள். கீல் இருக்கும் பக்கத்தை நெம்பினால் இரு முனையிலும் உள்ள காது ஒடிந்துவிடும்; பிறகு கனெக்டரையே மாற்ற வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம்.

சுத்தம்

கேபிள் கிழிவதைவிட முனை கறுப்பதுதான் அதிகம், கடலோர ஊர்களில் இன்னும் அதிகம். வெள்ளை ரப்பரால் கம்பியின் நீளவாக்கில், நுனியை நோக்கி மட்டும் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கம்பி பெயர்ந்து வரும். பிறகு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். தின்னர் பசையைக் கரைத்துவிடும். உப்புத்தாள் முலாமையே எடுத்துவிடும். சீக்கிரமே மறுபடி கறுக்கும்.

சோதனை

இரு முனையையும் கழற்றிய நிலையில் மீட்டரை பஸ்ஸரில் (தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து ஒவ்வொரு கம்பியாகப் பாருங்கள். மீட்டர் முனை தடிமன் என்றால் தையல் ஊசியைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். மடிப்பு விழுந்த இடத்தை மெல்ல வளைத்துக்கொண்டே பாருங்கள். விரிசல் விட்ட கம்பி நேராக இருக்கும்போது ஒலித்து, வளைத்தால் நின்றுவிடும்.

ஒன்றிரண்டு கம்பி அறுந்திருந்தால்

0.5 மிமீ இடைவெளி (ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு) கேபிளில் கம்பியின் அகலம் சுமார் 0.3 மிமீ. பக்கத்துக் கம்பிக்கு மிச்சம் 0.2 மிமீதான். விரிசலின் இருபுறமும் 3 மிமீ அளவுக்குப் புதுப் பிளேடால் மேற்படலத்தை மட்டும் சுரண்டுங்கள். சால்டர் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் தடவி, 63/37 சால்டரால் ஈயம் பூசி, 0.1 மிமீ எனாமல் கம்பியை அதே கோட்டில் கிடத்தி இரு பக்கமும் பிடியுங்கள். சால்டரிங் அயர்ன் 300 டிகிரி, தொடுவது ஒரு விநாடி. இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது: இந்த சால்டர் 183 டிகிரியில் உருகும், கேபிளின் படலமோ 250-ஐத் தாண்டினால் உருகிவிடும். இரண்டு விநாடி கூடுதலாக வைத்தால் கம்பி பிடிப்பின்றி மிதந்து பக்கத்துக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். சரியாக வராவிட்டால் எடுத்துவிட்டு, ஆறவிட்டு மறுபடி தொடுங்கள். முடிந்ததும் பக்கத்துக் கம்பிகளோடு ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்து, மேலே சூடு தாங்கும் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். எல்விடிஎஸ் கேபிளில் இணைப்புக் கம்பி வளையம் விடாமல் நேராக இருக்க வேண்டும். இல்லையென்றால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். மூன்றுக்கு மேல் அறுந்திருந்தால் இந்த வேலையை விட்டுவிட்டுப் புதுக் கேபிள் வாங்குவதே நல்லது.

புதுக் கேபிள் வாங்கும்போது

மேலே அச்சடித்திருக்கும் "ஏடபிள்யூஎம் 20624 80சி 60வி" என்பது பாகத்தின் எண் அல்ல, ஒயரின் ரகமும் அது தாங்கும் சூடும் வோல்ட்டும். அதைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் எந்தக் கேபிளையும் தரலாம். தேவையானவை நான்கு: பின் எண்ணிக்கை, இடைவெளி, நீளம், சேம் சைடா (இரு முனையிலும் கம்பி தெரிவது ஒரே பக்கம்) ஆப்போசிட் சைடா (எதிரெதிர்ப் பக்கம்). அகலத்தை மிமீயில் அளந்து இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 0.5 இடைவெளி கேபிளின் பின் எண்ணிக்கை வந்துவிடும்: 26 மிமீ என்றால் 51, 30.5 என்றால் 60. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவதாக இருந்தால் பழைய கேபிளையே கையோடு கொண்டுபோங்கள். சேம் சைடு இருக்க வேண்டிய இடத்தில் ஆப்போசிட் சைடைத் திருகிப் போட்டால் பின் வரிசை தலைகீழாகி, பேனலுக்கான 12 வோல்ட் சிக்னல் கால்களில் ஏறிவிடும்.

செருகும்போது கேபிள் கடைசி வரை போய், அதன் விளிம்பு கனெக்டருக்கு இணையாக நிற்கிறதா என்று லென்ஸில் பார்த்த பிறகே லாக்கைச் சாத்துங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகப் போட்டும் படமே வரவில்லை என்ற கேள்விக்கு: பிளக்கை உருவிவிட்டு, டி-கானிலிருந்து பேனலுக்குப் போகும் இரண்டில் ஒன்றை மட்டும் கழற்றுங்கள். பிறகு ஆன் செய்யுங்கள். மறு பாதியில் படம் தெளிவாக வந்தால் கோளாறு கழற்றிய பக்கத்தின் கேபிளிலோ பேனலிலோ இருக்கிறது. வராவிட்டால் அதை மாட்டி, மற்றதைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு விதத்திலும் இருட்டு என்றால் டி-கானில் முதலில் வரும் ஃபியூஸை அளந்து பாருங்கள்.