வீட்டுல போக்கர் விளையாடுற ஆக்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ்

போயா (பௌர்ணமி) லீவுக்கு திருகோணமலை உவர்மலையில எங்கட வீட்டு விறாந்தையில அஞ்சாறு பேர் கூடினா முந்தியெல்லாம் 304 எண்ட சீட்டு விளையாட்டுத்தான், இப்ப பெடியள் எல்லாம் போக்கர் எண்டு நிக்கிறாங்கள். சரி விளையாடுங்கோ, ஆனா காசை மேசையில வைக்காதேங்கோ. புளியங்கொட்டை எடுங்கோ, ஒண்டு 5 ரூபா, ஆளுக்கு 40 கொட்டை, அதாவது 200 ரூபா, முதலே ஒரு டப்பாவுக்குள்ள போட்டு விளையாடாத ஒராளிட்ட குடுத்திடுங்கோ (எங்கட வீட்டுல அம்மம்மா தான் பாங்க்). கொட்டை முடிஞ்சா ஆள் அவுட், எழும்பிப்போய் தேத்தண்ணி ஊத்தலாம். கடன் குடுக்கிறது, "ஃபோன்ல போட்டுவிடுறன் மச்சான்" எண்டுறது, ரெண்டுமே கூடாது, சண்டை வாறதே அதிலதான், விட்டதைப் பிடிக்கப்போய் 200 எப்பிடி 2000 ஆகுது எண்டு எனக்கு நல்லாத் தெரியும், ஒருக்கா மோட்டர்சைக்கிளுக்குப் பெட்ரோல் அடிக்க வச்சிருந்த காசையும் விட்டிட்டு டச்பேயில இருந்து நடந்து வந்தனான்.

மற்றது 304 பழக்கத்தில ஜாக்கும் ஒம்பதும் பெரிசு எண்டு நினைச்சுக் காசை ஏத்தாதேங்கோ, போக்கர்ல ஆஸ் தான் பெரிசு. ரோயல் ஃபிளஷ் (ஒரே இனத்தில பத்து, ஜாக், குயின், கிங், ஆஸ்) வரும் எண்டு காத்திருக்கவும் வேணாம், அஞ்சு கார்ட் கையில அது 649,740க்கு ஒருக்காத்தான் வரும்.

பத்து மணிக்கு அலாரம் வையுங்கோ, அடிச்சா அந்தக் கையோட முடிவு. வெண்டவர் கொத்து ரொட்டி வாங்கித் தரவேணும், அது எங்கட வீட்டுச் சட்டம்.