பொது வைஃபை தொழில்: ரௌட்டர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பொது இடங்களில் வைஃபை கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்த ரௌட்டர் நல்லது என்பதைத்தான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும்.

படி 1: பணம் தரப்போவது யார்?

தாளில் முதல் வரியாக இதை எழுதுங்கள். 'பயன்படுத்துபவர்' என்று எழுதினால் கொஞ்சம் யோசியுங்கள். அவருடைய போனிலேயே டேட்டா இருக்கிறது. இந்திய ரயில் நிலையங்களில் 2016-ல் தொடங்கி 400-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் பரவிய, கூகுளின் இலவச வைஃபை சேவையான கூகுள் ஸ்டேஷன், 2020-ல் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. மொபைல் டேட்டா மலிவாகிவிட்டது என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று.

விளம்பரதாரர் தருவார் என்கிறீர்களா? நியூயார்க்கில் பழைய தொலைபேசிக் கூண்டுகளை எடுத்துவிட்டு வைஃபை கம்பங்களை நிறுவிய லிங்க்என்ஒய்சி, விளம்பர வருமானத்தை நம்பித்தான் இலவச வைஃபை கொடுத்தது. அத்தனை நடமாட்டம் உள்ள ஊரிலேயே, நகர நிர்வாகத்துக்குத் தருவதாகச் சொன்ன தொகையில் பாக்கி விழுந்தது. மொபைல் நிறுவனங்களும் தங்கள் நெட்வொர்க்கின் நெரிசலைக் குறைக்கப் பணம் தரும். ஆனால் அதற்குப் பெரிய இடங்கள் கைவசம் வேண்டும்.

புதிதாக வருபவருக்கு நான் சொல்வது இடத்தின் சொந்தக்காரரைத்தான். காத்திருப்பவர்கள் எரிச்சலில்லாமல் உட்கார்ந்திருந்தால் லாபம் அவருக்கு.

படி 2: இணைப்பைப் பங்கு போட்டுப் பாருங்கள்

100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகமுள்ள லைன் எடுக்கிறீர்கள். ஒரே நேரத்தில் 40 பேர் இழுத்தால் ஆளுக்கு 2.5 எம்பிபிஎஸ். செய்தி அனுப்ப, வரைபடம் பார்க்க இது தாராளம். தெளிவான எச்டி வீடியோவுக்குப் பற்றாது. ஆளுக்கு இவ்வளவுதான் என்று வேக வரம்பு வைக்காவிட்டால், பெரிய ஃபைல் இறக்கும் நாலு பேர் மொத்தத்தையும் குடித்துவிடுவார்கள். மற்றவர்கள் உங்களைத் திட்டுவார்கள்.

அப்புறம், ரௌட்டருக்குச் செலவு ஒருமுறைதான். லைன் வாடகை, மின்சாரம், பழுது என்றால் ஓடிப்போய்ப் பார்க்க ஓர் ஆள் என்று மற்றதெல்லாம் மாதாமாதம் வரும். அதனால் சொந்தக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகை வாங்காதீர்கள், மாதக் கட்டணம் பேசுங்கள்.

படி 3: லாகின் பக்கம்

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய பயணி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் போன், சிம்மில் சிக்னல் இல்லை. உங்கள் வைஃபை அவருக்குத்தான் அவசரத் தேவை. உங்கள் பக்கமோ எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது! மின்னஞ்சல், அச்சிட்ட கூப்பன் என்று சட்டம் அனுமதிக்கும் மாற்றுவழி ஒன்று கட்டாயம் வேண்டும்.

நிபந்தனைகளையும் சுருக்கமாக எழுதுங்கள், யாரும் படிப்பதில்லை. 2017-ல் பர்ப்பிள் என்ற வைஃபை நிறுவனம், கழிப்பறை கழுவுவது போன்ற 1,000 மணி நேர சமூக சேவைக்குச் சம்மதம் என்று வேடிக்கையாக ஒரு வரியைச் சேர்த்துப் பார்த்தது. இரண்டே வாரத்தில் சுமார் 22,000 பேர் சம்மதித்தார்கள்.

லாகின் இல்லாமலே போன்களை எண்ணி 'இத்தனை பேர் வந்தார்கள்' என்று கணக்குக் காட்டும் பழைய வித்தையும் இப்போது நம்பகமானதல்ல. 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஐபோன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் வெவ்வேறு மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்) காட்டுகின்றன. ஆண்ட்ராய்டிலும் இதே கதை.

படி 4: பாதுகாப்பு

ஒருவர் போனை இன்னொருவர் போன் பார்க்க முடியாதபடி ரௌட்டரில் சாதனத் தனிமைப்படுத்தலை இயக்குங்கள். யார் எப்போது இணைந்தார்கள் என்ற பதிவேடுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 5: ஒரே இடத்தில் ஒரு மாதம்

சரி, இப்போது ரௌட்டர் வாங்கலாம். ஒரே ஓர் இடத்தில் மாட்டி, தினமும் இரண்டு எண்களைக் குறியுங்கள்: லாகின் பக்கம் எத்தனை பேருக்குத் திறந்தது, அதில் எத்தனை பேர் உள்ளே போனார்கள். 100 பேருக்குத் திறந்து 40 பேர்தான் போயிருந்தால், லைனைப் பெரிதாக்க வேண்டாம்; படி 3-க்குத் திரும்புங்கள். இரண்டாவது இடத்தின் சொந்தக்காரரைப் பார்க்கப் போகும்போது அந்த ஒரு மாதக் குறிப்பையும் கையோடு எடுத்துப்போங்கள்.