மனைவி பாட, நீங்கள் கிட்டார் வாசிக்க: வீட்டுப் பக்கவாத்தியக்காரருக்குச் சில குறிப்புகள்

காலேஜ் ஹாஸ்டலில் கிட்டார் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் பாடினாலும் நம் விரலுக்கு வசதியான கார்டில்தான் பாட வேண்டும் என்று நினைப்போம். ஹாஸ்டலில் பாடுகிற பையன்களின் குரலும் ஏறக்குறைய நம் குரல் மாதிரியே இருப்பதால் அந்த வியாதி வெளியே தெரியாமல் ஓடிவிடும். எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் மனைவி பள்ளிக்கூட நாட்களில் கர்நாடக சங்கீதத்தில் வர்ணம் வரை, அதாவது ஆரம்பப் பாடங்களைத் தாண்டி, பாட்டு கற்றவள். ஒரு நாள் ராத்திரி பழைய சினிமாப் பாட்டு ஒன்றுக்கு நெட்டில் கார்ட் தேடி எடுத்து, சி மேஜரில் ஜம்மென்று ஆரம்பித்தேன். இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினாள். "ஏங்க, கிணத்துக்குள்ள இறங்கி நின்னு பாடற மாதிரி இருக்கு." பாட்டே அந்தச் சுருதியில்தான் இருக்கிறது என்று நான் வாதாடினேன். அன்றிலிருந்து மூன்று மாதம், நான் கிட்டாரைக் கையில் எடுத்தால் போதும், அவளுக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒரு கச்சேரியை நினைத்துப் பாருங்கள். பாடகர் தன் சுருதியைச் சொல்கிறார், வயலின்காரர் அதற்குத் தந்தியைச் சேர்க்கிறார், மிருதங்கக்காரர் அதே சுருதிக்கு உள்ள வாத்தியத்தைக் கொண்டு வருகிறார். "இந்தச் சுருதி எனக்கு வராது, ஒரு கட்டை இறக்கிப் பாடுங்க" என்று எந்தப் பக்கவாத்தியக்காரரும் மேடையில் சொல்வதில்லை. வீட்டில் கிட்டார் வைத்திருக்கிற நீங்கள்தான் பக்கவாத்தியம். இதை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் வெறும் கணக்கு.

அந்தக் கணக்கு கட்டையில் ஆரம்பிக்கிறது. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சொல்வதுதான் இது: 1 என்றால் சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, அஞ்சரை, ஆறரை. மூன்றரை என்று ஒன்று கிடையாது, இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால். கர்நாடக சங்கீதத்தில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள், பெண்கள் ஐந்து, அஞ்சரை, ஆறு. நான் வைத்த சி என்பது என் மனைவிக்கு நாலு கட்டை கீழே. கிணறு என்று அவள் சொன்னது மிகையே இல்லை.

பாட்டு கற்றவர்கள் கேட்டதும் "எனக்கு அஞ்சரை" என்று சொல்லிவிடுவார்கள். கற்காதவர்களிடம் "உன் சுருதி என்ன" என்று கேட்டால் முழிப்பார்கள், அல்லது பாடவே வெட்கப்படுவார்கள். அவர்கள் துணி மடிக்கும்போது முணுமுணுக்கிற பாட்டு ஒன்று இருக்கும், அதை கிட்டார் இல்லாமல் பாடச் சொல்லுங்கள். பல்லவி முடிந்து குரல் நிம்மதியாக உட்காருகிற இடம் பெரும்பாலும் ஸட்ஜமாக, அதாவது ஸா-வாக இருக்கும். அதை ஆறாவது கம்பியில், அதாவது தடித்த கம்பியில், தேடுங்கள். வெறும் கம்பி மூன்று கட்டை, முதல் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நாலு, மூன்றாம் ஃப்ரெட் ஐந்து, ஐந்தாம் ஃப்ரெட் ஆறு, எட்டாம் ஃப்ரெட் ஒன்று. குரல் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே இருந்தாலும் கவலை வேண்டாம், ஸ்வரம் ஒன்றுதான். அதோடு நின்றுவிடாமல், சரணத்தில் மேலே ஏறுகிற வரி எதுவோ அதையும் ஒரு தடவை பாடச் சொல்லுங்கள். அங்கே கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள். பல்லவியை மட்டும் கேட்டுச் சுருதி முடிவு செய்துவிட்டு, சரணத்தில் மாட்டிக்கொண்டு, பாடுகிறவர் மேல் பழி போட்டவன் நான்.

இனி கேப்போ, கிட்டார் கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கிளிப். எனக்கு இது ஹாஸ்டல் நாட்களில் கௌரவக் குறைச்சலாகத் தெரிந்தது, ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துகிற பாரே கார்ட் வராதவர்கள் மாட்டிக்கொள்கிறது என்று. மடத்தனம். ஐந்து கட்டைக்கு கேப்போ இல்லாமல் ஜி குடும்பத்து கார்டுகளை, அதாவது ஜி, சி, டி, இ மைனர், அப்படியே வாசிக்கலாம். அதே விரல்களோடு முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் அஞ்சரை, இரண்டில் ஆறு, மூன்றில் ஆறரை. நாலு கட்டை கேட்டால் டி குடும்பத்துக்குப் போய் மூன்றாம் ஃப்ரெட்டில் போடுங்கள், நாலரைக்கு நாலாம் ஃப்ரெட். சோகப் பாட்டு, மைனர் என்றால் ஐந்து கட்டைக்கு இ மைனர் பிடித்து மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ, ஆறுக்கு கேப்போ இல்லாமல் ஏ மைனர். இவ்வளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கிட்டார் பைக்குள் போட்டுவையுங்கள், பாடுகிறவர் மூடு வந்து உட்கார்ந்திருக்கும்போது விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் மூடு போய்விடும். கேப்போ போட்ட பிறகு சுருதியை இன்னொரு தடவை சரிபாருங்கள், அது கம்பியை அழுத்தி லேசாக ஏற்றிவிடும்.

டூயட் பாட ஆசை என்றால் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆண் சுருதிக்கும் பெண் சுருதிக்கும் உள்ள இடைவெளியை எந்த கேப்போவாலும் அடைக்க முடியாது, யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். நாங்கள் அவள் சுருதியிலேயே வைத்துக்கொள்கிறோம், எனக்கு எட்டாத இடத்தில் நான் ஒரு ஸ்தாயி இறங்கி முனகுவேன்.

தாளத்தில்தான் அடுத்த சண்டை வரும், அது வெளியே தெரியாத சண்டை. பாட்டு கற்றவர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே பாடுவார்கள், நாமோ ஃப்ரெட் போர்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். பார்வையைத் தூக்கி அந்தக் கையைப் பாருங்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை நமக்குப் பழகிய நாலு நாலாகப் பிரிந்துவிடும், ரூபகத்தை மூன்று மூன்றாக எண்ணலாம். சிக்கல் எடுப்பில், அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நிறைய பாட்டுகள் தாளம் விழுந்த அதே நொடியில் தொடங்குவதில்லை, அரை எண்ணிக்கை தள்ளி, சிலது ஒன்றரை தள்ளித் தொடங்கும். நாம் அவர்கள் வாய் திறந்ததும் அதுதான் முதல் அடி என்று ஓங்கி அடித்துவிடுவோம். அப்புறம் பாட்டு முழுக்க கார்ட் மாறுகிற இடம் எல்லாம் அரைக்கால் வழுக்கிக்கொண்டே போகும், பாடுகிறவர் தன்னிடம்தான் தப்பு என்று நினைத்துத் தயங்குவார். இதற்கு மருந்து சுலபம். பாடுவதற்கு முன்னால் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, வெறும் தாளம் போடச் சொல்லுங்கள், நீங்கள் அந்த எட்டுக்கும் கட்டை விரலால் ஒரு தட்டு தட்டிக்கொண்டே உள்ளே போங்கள். முதல் வாரம் ஒரு எண்ணிக்கைக்கு ஒரே ஒரு டவுன் ஸ்ட்ரோக், அவ்வளவுதான். மேலும் கீழும் ஸ்ட்ரம் செய்து உங்கள் திறமையைக் காட்ட இன்னும் நாள் இருக்கிறது.

ஒரு நாள் டியூனர் வைத்துத் துல்லியமாகச் சுருதி சேர்த்து, சுத்தமாக ஒரு ஜி மேஜர் வாசித்தேன். அவள் முகத்தைச் சுளித்து, "காந்தாரம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள். காந்தாரம் என்றால் ஸ ரி க-வில் வரும் கா. டியூனரைக் காட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது. அவள் சொன்னதுதான் சரி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் ஒரு ஸ்தாயியைச் சமமான 12 துண்டுகளாக வெட்டிப் போட்டவை, அதனால் ஸட்ஜமத்திலிருந்து அந்தர காந்தாரம் (மேஜர் கார்டில் வரும் கா) 400 சென்ட் தள்ளி இருக்கும், ஒரு ஃப்ரெட்டுக்கு 100 சென்ட் என்பது கணக்கு. தம்புராவை மீட்டும்போது தானாகவே எழுகிற காந்தாரம் ஏறக்குறைய 386 சென்டில் இருக்கிறது. தம்புராவில் பழகிய காதுக்கு அந்த 14 சென்ட் உறுத்தும். பஞ்சமத்தில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே வித்தியாசம் 2 சென்ட்தான். ஆகவே ராகம் சார்ந்த பாட்டு பாடுகிறார்கள் என்றால் கார்டிலிருந்து காந்தாரத்தைத் தூக்கிவிடுங்கள், ஸட்ஜமும் பஞ்சமமும் போதும். அவர்கள் கமகத்தோடு (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) காந்தாரத்தை எங்கே வைக்கிறார்களோ அங்கேயே இருக்கட்டும்.

இதற்கு நான் செய்வது: ஆறாவது கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கிவிட்டு, ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ போடுவேன். இப்போது மேலே உள்ள மூன்று தடித்த கம்பிகளும் வெறுமனே மீட்டினாலே ஐந்து கட்டையில் ஸா, பா, ஸா. ஏழாம் ஃப்ரெட் என்றால் ஆறு கட்டை. தம்புராவாக ஓடும், நடுநடுவே கீழ்க் கம்பிகளில் பாட்டின் மெட்டை ஒன்றிரண்டு இடத்தில் தொட்டுவிட்டு வரலாம். மோகனத்தில் சினிமாப் பாட்டு ஏதாவது என்றால் கார்டும் போடலாம், ஆனால் பார்த்துப் போட வேண்டும். ஐந்து கட்டை மோகனத்தில் இருக்கிற ஸ்வரங்கள் ஜி, ஏ, பி, டி, இ. ஜி மேஜரும் இ மைனரும் இதற்குள் அடங்கும். சி மேஜர் போட்டால் மத்யமம் வந்துவிடும், டி மேஜர் போட்டால் நிஷாதம். சினிமாவில் அதைச் சேர்த்து அழகாக்குவார்கள் என்பது வேறு விஷயம். ராகத்தைக் கெடுக்காமல் டி வேண்டும் என்றால் டி ஸஸ் 4 போடுங்கள், அதில் இருப்பது டி, ஜி, ஏ மட்டுமே. அவளிடம் நான் முதன்முதலில் வாங்கிய "நல்லா இருக்கே" இந்த ஒரு கார்டுக்குத்தான்.

அம்மாவோடு பஜனைப் பாட்டு வாசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாடப் பாட உற்சாகத்தில் சுருதி மெல்ல ஏறும். பாதியில் கேப்போவை நகர்த்தித் துரத்தாதீர்கள், நிறுத்தவும் சொல்லாதீர்கள். கம்பிகளை உள்ளங்கையால் அடக்கி வெறும் தாளமாகத் தட்டிக்கொண்டே வந்து, பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டைப் புதுச் சுருதியில் ஆரம்பியுங்கள். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

வீட்டில் ஏழெட்டு வயதுக் குழந்தை இருந்தால் முழு கிட்டாரைக் கையில் கொடுக்காதீர்கள். முக்கால் அளவு கிட்டார் நைலான் கம்பியோடு கிடைக்கும், இல்லையா, யுகுலேலே. நான் மகளுக்கு யுகுலேலே வாங்கினேன். நாலே கம்பி, ஜி, சி, இ, ஏ. சி கார்டுக்கு ஒரே ஒரு விரல்தான் வேண்டும். உங்கள் கிட்டாரில் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் கீழ் நாலு கம்பிகளும் அதே ஜி, சி, இ, ஏ ஆகிவிடும். அப்புறம் இருவர் விரலும் ஒரே வடிவத்தில் இருக்கும். நீங்கள் ஜி பிடிக்கிற மாதிரி பிடித்தால் அவளுக்கு அது சி, நீங்கள் டி பிடித்தால் அவளுக்கு ஜி, உங்கள் சி அவளுக்கு எஃப், உங்கள் இ மைனர் அவளுக்கு ஏ மைனர். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், எதிரே இருந்தால் குழந்தைக்கு எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலத் தலைகீழாகத் தெரியும். இப்படி எங்கள் வீட்டில் பாடம் என்று எதுவும் நடக்கவில்லை, பார்த்தே பிடித்துவிட்டாள்.

மனைவிக்கோ கணவருக்கோ கிட்டார் கற்றுத்தர ஆசைப்படுகிறவர்களுக்கு: புருஷனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் தொடர்ந்தார்கள் என்று. அடிப்படையை வெளியே ஒருவரிடம் கற்றுக்கொள்ளட்டும், நீங்கள் சேர்ந்து வாசியுங்கள். செய்ய முடிகிற ஒரே பெரிய உதவி, விரல் வலியைக் குறைப்பது. ஸ்டீல் கம்பியில் 12-லிருந்து தொடங்கும் செட்டை (இந்த எண் மெல்லிய கம்பியின் தடிமன்) கழற்றிவிட்டு 10-லிருந்து தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் செட் மாட்டுங்கள், இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுக் கொடுங்கள், அழுத்துவது பாதி சுலபமாகும். முதல் பாட்டில் இரண்டு கார்டுக்கு மேல் வேண்டாம். கார்ட் மாற்றும்போது சத்தம் வராவிட்டால் பரவாயில்லை, கை நிற்காமல் போகட்டும். "அந்த விரல் தப்பு" என்ற வாக்கியத்தை மட்டும் முழுங்கிவிடுங்கள்.

நேரம் என்று பார்த்தால் எங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம். கிட்டார் பைக்குள் ஜிப் போட்டு அலமாரி மேல் இருந்தால் அந்த 20 நிமிடமும் நடக்காது, ஹாலில் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். சென்னை மாதிரி கடற்கரை ஊர் என்றால் வெளியே நிற்கிற கிட்டாரின் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்து வையுங்கள்.

அப்புறம் மொபைலில் ரெக்கார்ட் செய்து பாருங்கள். எங்கள் முதல் ரெக்கார்டிங்கில் என் ஸ்ட்ரம்மிங் மட்டும்தான் இருந்தது. அவள் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது போலக் கேட்டது, மேலே ஃபேன் வேறு. இப்போது மொபைல் அவளுக்கு ஒரு கை நீளத்தில் இருக்கும், நான் கிட்டாரை வேறு பக்கம் திருப்பி உட்காருவேன், கம்பியை மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரத்தை மேசை டிராயரில் போட்டுவிட்டுக் கட்டை விரலின் சதையால் மீட்டுவேன். நேற்று கேட்டுவிட்டு, கிட்டார் இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்றாள்.