வீட்டு ரெக்கார்டிங்குக்கு எக்ஸ்டெர்னல் டிரைவ்: எதுல வேலை பாக்குறது, எதுல பேக்கப் வைக்கிறது

வீட்ல பாட்டு ரெக்கார்ட் பண்றவங்க பாதி பேர் கேக்குற கேள்வி "எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்"ங்கறது தான், ஆனா அந்த டிரைவ் எதுக்குன்னு முதல்ல முடிவு பண்ணணும். ரெக்கார்ட் பண்ணி மிக்ஸ் பண்ணவா, சாம்பிள் லைப்ரரி (வாத்தியங்களோட நோட்ஸ முன்னாடியே பதிஞ்சு வச்ச ஃபைல் தொகுப்பு) வைக்கவா, இல்ல பேக்கப்புக்கா? மூணுக்கும் ஒரே டிரைவ வாங்கிட்டு "எல்லாம் எக்ஸ்டெர்னல்ல இருக்கு, சேஃப் தான்"னு சொல்றவங்கள நிறைய பாத்துட்டேன். லேப்டாப்ல இடம் இல்லன்னு ப்ராஜெக்ட்ட கட் பண்ணி எக்ஸ்டெர்னல்ல பேஸ்ட் பண்ணா அது பேக்கப் இல்லங்க, அப்பவும் உங்க பாட்டு ஒரே ஒரு இடத்துல தான் இருக்கு, என்ன, இப்போ கை தட்டினா கீழ விழுற இடத்துக்கு வந்துருச்சு.

கணக்கு போட்டு பாத்தா ஆடியோ அவ்வளவு இடம் எடுக்காது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்ல ஒரு மோனோ ட்ராக் நிமிஷத்துக்கு சுமார் 8.6 எம்பி. 5 நிமிஷ பாட்டுல 20 ட்ராக், எல்லாமே முழு நீளம்னு வச்சாலும் 860 எம்பி சில்லறை, ஒவ்வொண்ணுக்கும் மூணு டேக் இருந்தா இரண்டரை ஜிபி. ஸ்பீடும் அப்படித்தான், 24 ட்ராக் ஒரே நேரத்துல ரெக்கார்ட் ஆனாலும் செகண்டுக்கு மூணரை எம்பி தான் எழுதணும், சாதாரண சுத்துற ஹார்ட் டிஸ்க்கே யூஎஸ்பி 3-ல அதைவிட பல மடங்கு எழுதும். அதனால "ரெக்கார்டிங்க்னா எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத, சிப்புல எழுதுற டிரைவ்) இருந்தே ஆகணும்"னு யாராவது சொன்னா அப்படியே நம்பாதீங்க.

எஸ்எஸ்டி நிஜமாவே தேவைப்படுறது சாம்பிள் லைப்ரரிக்கு. கான்டாக்ட் மாதிரி சாம்ப்ளர் மென்பொருள் (அந்த லைப்ரரிய வாசிக்க வைக்கிறது) ஒவ்வொரு சாம்பிளோட ஆரம்பத்தை மட்டும் ரேம்ல ஏத்தி வச்சிருக்கும், மீதிய நீங்க கீ அமுக்குற நேரத்துல டிரைவ்லேர்ந்து படிக்கும். ஸ்ட்ரிங்ஸ்ல ஒரு பெரிய கார்டு புடிச்சீங்கன்னா டிரைவ்ல எங்கெங்கயோ இருக்குற ஏகப்பட்ட சின்ன சின்ன துண்ட ஒரே நேரத்துல தேடணும், சுத்துற டிஸ்க்ல ஹெட் அங்கயும் இங்கயும் ஓடி மூச்சு வாங்கி நோட்ஸ் கட் ஆகும். அதனால லைப்ரரியும் ஓடிட்டிருக்க ப்ராஜெக்டும் 1 டிபி எஸ்எஸ்டில, பேக்கப் மட்டும் ரெண்டு சாதாரண ஹார்ட் டிஸ்க்ல, இது தான் என் சிபாரிசு. பேக்கப்புக்கு ஏன் பழைய டைப்னா ஒண்ணு விலை, இன்னொண்ணு எஸ்எஸ்டிய கரண்ட் இல்லாம வருஷக்கணக்கா பீரோல போட்டு வச்சா உள்ள இருக்க சார்ஜ் மெதுவா கசியும், ரொம்ப நாள் தூங்க வைக்க அது தோதான சாமான் இல்ல. சின்ன 2.5 இன்ச் போர்ட்டபிள் டிஸ்க்குல நிறைய எஸ்எம்ஆர் டைப்பா (டேட்டா வரிசைகள ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதுறது) இருக்கும், ஒரே மூச்சுல நூத்துக்கணக்கான ஜிபி காப்பி பண்ணா பாதில ஸ்பீடு படுத்துரும், பேக்கப்புக்கு பரவால்ல, ராத்திரி போட்டுட்டு தூங்கிடலாம்.

ஆன்லைன்ல 16 டிபி எஸ்எஸ்டி ஆயிரத்து சொச்சம் ரூபாய்க்கு காட்டுவான், தொடாதீங்க. உள்ள ஒரு சின்ன மெமரி கார்டு தான் இருக்கும், கம்ப்யூட்டர்கிட்ட 16 டிபின்னு பொய் சொல்லும், நிரம்பினதுக்கு அப்புறம் போடுற ஃபைல் எல்லாம் காணாம போகும். எங்க வாங்கினாலும் முதல் நாளே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி ஒரு டூல் போட்டு டிரைவ் முழுக்க எழுதி திரும்ப படிச்சு பாத்துருங்க.

ஃபார்மேட் பத்தி சுருக்கமா. விண்டோஸ் மட்டும்னா என்டிஎஃப்எஸ். மேக் மட்டும்னா எஸ்எஸ்டிக்கு ஏபிஎஃப்எஸ், சுத்துற டிஸ்க்குக்கு மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட். ரெண்டுக்கும் நடுவுல தூக்கிட்டு போற டிரைவ்னா எக்ஸ்ஃபேட், ஆனா அதுல ஜர்னலிங் (என்ன மாத்தப் போறோம்னு முன்கூட்டியே குறிச்சு வைக்கிற பாதுகாப்பு) கிடையாது, எழுதிட்டிருக்கும்போது கேபிள புடுங்கினாலோ கரண்ட் போனாலோ அடி பலமா விழும். ஃபேட்32 வேணவே வேணாம், ஒரு ஃபைல் 4 ஜிபி தாண்டாது. வேவ் ஃபைலுக்கே கூட அந்த 4 ஜிபி எல்லை உண்டு, 48/24 ஸ்டீரியோல நாலு மணி நேரம் கிட்ட வரும், முழு கச்சேரிய விடாம ரெக்கார்ட் பண்றவங்க மென்பொருள்ல ஆர்எஃப்64 (4 ஜிபி தாண்டியும் போகக்கூடிய வேவ் வகை) செட்டிங்க ஆன் பண்ணிக்கோங்க.

மாட்டும்போது ஆடியோ இன்டர்ஃபேஸையும் டிரைவையும் பவர் இல்லாத ஒரே ஹப்ல சொருகாதீங்க, க்ளிக், பாப்னு சத்தம் வந்து நாலு நாள் ப்ளகின்ன திட்டிட்டு இருப்பீங்க. இன்டர்ஃபேஸ் நேரா கம்ப்யூட்டர் போர்ட்ல. சுத்துற டிஸ்க்க ஸ்பீக்கர் இருக்க மேசை மேல வைக்க வேணாம், அதிர்வு அதுக்கு ஆகாது, பக்கத்துல கண்டென்சர் மைக் இருந்தா டிஸ்க்கோட உறுமலும் டேக்ல ஏறும். விண்டோஸ்ல இன்னொரு தொல்லை, இன்னைக்கு இ டிரைவா இருந்தது நாளைக்கு பென் டிரைவ் மாட்டினதும் எஃப் ஆயிடும், ப்ராஜெக்ட் திறந்தா எல்லா ஃபைலும் மிஸ்ஸிங்னு வரும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் ஆர், எஸ்னு கடைசி எழுத்துல ஒண்ண நிரந்தரமா குடுத்துட்டா தீந்துச்சு.

இப்போ முக்கியமான விஷயம். பேக்கப்ல பெரும்பாலானவங்க கோட்ட விடுறது டிரைவ்ல இல்ல, ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல. ப்ராஜெக்ட் ஃபைல்ங்கறது வெறும் குறிப்பு தான், எந்த ஆடியோ எங்க இருக்கு, எங்க வெட்டினோம்னு மட்டும் எழுதி வச்சிருக்கும். டவுன்லோட்ஸ்லேர்ந்து இழுத்து போட்ட தபலா லூப், வாட்ஸ்அப்ல ஃப்ரெண்டு அனுப்பின புல்லாங்குழல், டெஸ்க்டாப்ல கிடக்குற பழைய டெமோ இதெல்லாம் அங்கங்கயே இருக்கும், நீங்க ஃபோல்டர மட்டும் காப்பி பண்ணா அதெல்லாம் வராது. எல்லாத்தையும் ஒரே இடத்துல சேக்க ரெக்கார்டிங் மென்பொருள்லயே வழி இருக்கு: ரீப்பர்ல சேவ் ஆஸ் போனா மீடியா எல்லாத்தையும் ப்ராஜெக்ட் டைரக்டரிக்கு காப்பி பண்ற டிக் இருக்கும், ஏபிள்டன்ல கலெக்ட் ஆல் அண்ட் சேவ், க்யூபேஸ்ல பேக்கப் ப்ராஜெக்ட், ப்ரோ டூல்ஸ்ல சேவ் காப்பி இன் போய் ஆடியோ ஃபைல்ஸ டிக் பண்ணணும், எஃப்எல் ஸ்டுடியோல ஜிப்டு லூப் பேக்கேஜ். இத பண்ணாம காப்பி பண்ணி புண்ணியம் இல்ல.

பாட்டு முடிஞ்சதும் ஸ்டெம்ஸும் எடுத்துருங்க, ஒவ்வொரு ட்ராக்கையும் முதல் பார்லேர்ந்து கடைசி வரைக்கும் வேவா, எஃபெக்ட்டோட ஒண்ணு, எஃபெக்ட் இல்லாம ஒண்ணு. அஞ்சு வருஷம் கழிச்சு அந்த ப்ளகின் புது ஓஎஸ்ல ஓடுமா, லைசன்ஸ் இருக்குமான்னு யாருக்கு தெரியும், வேவ் ஃபைல் எதுலயும் திறக்கும். மிடி ஃபைலும் டெம்போவும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சுருதி எத்தன கட்டைங்கறதும் கூட போட்டு வைங்க. இடம் கம்மின்னா ஃப்ளாக்னு சுருக்குற ஃபைல் வகையா ஆக்கலாம், தரம் துளி குறையாது, ஆனா 32 பிட் ஃப்ளோட் ஃபைல ஃப்ளாக் தாங்காது, 24 பிட்டா எடுத்துக்கோங்க.

காப்பி பண்ண ஃப்ரீஃபைல்சிங்க்ங்கற மென்பொருள் நல்லாருக்கு, மேக்ல டைம் மெஷின். ஃப்ரீஃபைல்சிங்க்ல மிரர் மோடுல (பேக்கப்ப லேப்டாப் மாதிரியே அப்படியே ஆக்குறது) மட்டும் ஜாக்கிரதை, லேப்டாப்ல தெரியாம ஒரு டேக்க அழிச்சிட்டு மிரர் போட்டா பேக்கப்புலயும் அழியும், அதனால வெர்ஷனிங்க ஆன் பண்ணி அழிஞ்சது தனி ஃபோல்டருக்கு போற மாதிரி வச்சிக்கோங்க. பேக்கப் டிரைவ எப்பவும் சொருகியே வைக்க கூடாது, ரான்சம்வேர் (ஃபைல பூட்டி பணம் கேக்குற வைரஸ்) வந்தாலும் இடி விழுந்தாலும் சேர்ந்தே போகும், காப்பி முடிஞ்சதும் எஜெக்ட் குடுத்து கழட்டிருங்க.

ரெண்டாவது டிஸ்க் வேற வீட்ல இருக்கணும், அண்ணன் வீடோ ஆபீஸ் டிராயரோ. 2008 ஜூன் 1-ம் தேதி ஹாலிவுட்ல யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகம் தீப்புடிச்சப்ப அங்க இருந்த மாஸ்டர் டேப்புகளும் எரிஞ்சு போச்சு, அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த கதி. மாசத்துக்கு ஒருவாட்டி வீட்ல இருக்கறதையும் வெளிய இருக்கறதையும் மாத்திக்கிட்டா போதும். ஃபைனல் மிக்ஸும் ஸ்டெம்ஸும் மட்டும் க்ளவுட்லயும் ஏத்தலாம், முழு ப்ராஜெக்ட்டையும் ஏத்த நம்ம அப்லோட் ஸ்பீடுக்கு விடிஞ்சிரும்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை டிரைவ கழட்டி வச்சிட்டு, பேக்கப்லேர்ந்து ஒரு பழைய பாட்ட திறந்து முழுசா ப்ளே பண்ணி பாருங்க, முடிஞ்சா வேற கம்ப்யூட்டர்ல. அன்னைக்கே டிஸ்க்கோட நிலைமைய காட்டுற க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவும் ஓட்டி ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாத்தின பகுதி), பெண்டிங் செக்டர் (கெட்டுருச்சோன்னு சந்தேகப்படுற பகுதி) ரெண்டும் பூஜ்யமான்னு பாத்துருங்க, மஞ்சள்ல காட்டினா "இன்னும் ஓடுதே"ன்னு இழுக்காம அந்த வாரமே புது டிஸ்க் வாங்கி மாத்திருங்க.