சத்தமில்லாமல் அழுத பிள்ளை

என் மூத்தவனுக்கு அப்போது ஏழு வாரம். இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லை, கக்கிக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் விடியற்காலையில் வாயைத் திறந்து அழுகிறான், முகம் சிவக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. எங்கள் ஊர் தன்லினிலிருந்து ரங்கூனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த சயாமா (டாக்டரம்மா) பிள்ளையைப் பார்த்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பேறுகாலத்துக்கு அப்புறம் நீ என்ன சாப்பிடுகிறாய்?"

வெள்ளைச் சோறு, சுட்ட பூண்டு, ஒரு துண்டு கருவாடு. அம்மா பாசத்தோடு பார்த்துப் பார்த்துப் போட்ட பத்தியம் அது. என் உடம்பில் வைட்டமின் பி1 (தயாமின்) சத்து இல்லை, அதனால் பாலிலும் இல்லை. பிள்ளைக்கு அந்தச் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய், இதயம் தளர்ந்துவிட்டது. பி1 ஊசி போட்ட சில மணி நேரத்தில் மூச்சு சீராகி, மார்பைத் தேடினான்.

அதனால் கர்ப்பமாக இருக்கிற நம் பெண்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: பி1 மாத்திரையை விடாதீர்கள். இங்கே பர்மாவில் கடைசி மாதம் தொடங்கிப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் வரை அதைச் சாப்பிடச் சொல்வார்கள். பேறுகாலம் முடிந்ததும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைக்கு அது தேவைப்படுவதே அப்போதுதான்.

சோற்றையும் கவனியுங்கள். நன்றாகத் தீட்டிய அரிசியில் பி1 தவிட்டோடு போய்விடும். மிச்சமிருப்பதும் தண்ணீரில் கரையும். நாம் நாலு தடவை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டுகிறோம். லேசாக ஒரு தடவை களைந்து, அளவான தண்ணீர் வைத்து, வடிக்காமல் பொங்குங்கள். புழுங்கல் அரிசி கிடைத்தால் இன்னும் நல்லது. நெல்லை அவிக்கும்போதே சத்து அரிசிக்குள் இறங்கிவிடும், நம் பாட்டிமார் சும்மா அவிக்கவில்லை. லப்பெட் (ஊறவைத்த தேயிலை), வெற்றிலைப் பாக்கு இரண்டும் பி1-ஐக் கெடுக்கும், கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். ஙப்பியை (புளிக்கவைத்த மீன் விழுது) பச்சையாகத் தொட்டுக்கொள்ளாமல் வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

இரும்பு, ஃபோலிக் மாத்திரை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு, 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். ஃபோலிக்கைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும், ஏனென்றால் முதல் நாலு வாரத்திலேயே தண்டுவடம் உருவாகிவிடும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள், வெறுந்தேநீரும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு நல்லது. கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால் வேறு வேளைக்கு வையுங்கள். மலம் கறுத்தால் பயப்படாதீர்கள், இரும்பு சாப்பிட்டால் அப்படித்தான் போகும்.

பிள்ளை பிறந்ததும் சேனை வைக்க அத்தைமார் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் எடுத்து வருவார்கள். கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. முதல் ஒரு மணி நேரத்தில் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், வெயில் காலத்திலும் தண்ணீர் வேண்டாம். பத்தியம் வைத்தே தீர வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், சரி, பூண்டும் இஞ்சியும் இருக்கட்டும். கூடவே பருப்பு, முட்டை, மீன், காலையில் கூவி விற்கிற அவித்த பட்டாணி இவையும் தட்டில் இருக்க வேண்டும். இரண்டாவது பேறுகாலத்தில் இந்தப் பட்டாணிக்காக அம்மாவோடு சண்டையே போட்டேன்.

ஒன்று முதல் மூன்று மாதத்துப் பிள்ளை பாலை ஒதுக்கினால், ஓயாமல் அழுதால், குரல் கம்மினால், மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கஷாயமும் வேண்டாம், மந்திரிக்கவும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், பேறுகாலத்துக்குப் பிறகு என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.